காதுக்குள்ளே வந்து பேசும் கம்பி! சத்தத்தைக் கூட்டினால் மட்டும் போதுமா?

ஒலிபெருக்கியின் சத்தத்தை எவ்வளவு கூட்டி வைத்தாலும் சிலருக்கு ஒரு வார்த்தை கூட விளங்காது. ஆனால் அதே மண்டபத்தின் தரை ஓரமாக ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி விட்டால், மேடையில் பேசுகிறவர் நேராகக் காதுக்குள்ளேயே வந்து பேசுவது போல் கேட்கும்!

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. 1937-ம் ஆண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்ட சமாசாரம் இது.

லண்டனில் கறுப்பு டாக்சியில் கூட இந்த ஏற்பாடு இருக்கிறது. நியூயார்க்கில் பாதாள ரெயில் டிக்கெட் கவுண்ட்டர்களில் பொருத்தினார்கள். நம் நாட்டிலும் காது மந்தமானவர்களுக்காகச் சட்டம் வந்து விட்டது. ஆனால் சட்டம் வந்த வேகத்தில் கம்பி வரவில்லை.

அதன் விவரம் வருமாறு:-

மிஷின் மாட்டியும் ஏன் கேட்கவில்லை?

"அதுதான் காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்பது உண்டு.

கண்ணாடி போட்டால் பார்வை தெளிவாகி விடுகிறது. அது போல மிஷின் மாட்டினால் காது சரியாகி விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

காது மிஷினின் வேலை சத்தத்தைப் பெரிதாக்குவது. பேச்சை மட்டும் அல்ல, எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும்! மின்விசிறி ஓடும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பக்கத்து சீட்டுக்காரர் இருமல், குழந்தை அழுகை, வெளியே ஆட்டோ ஹாரன் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து காதில் மோதும். நடுவில் பேச்சு மூழ்கிப் போகும்.

இப்போது வரும் டிஜிட்டல் மிஷின்கள் இரைச்சலைக் கொஞ்சம் அடக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் எதிரே ஆறேழு அடிக்குள் ஒருவர் உட்கார்ந்து பேசும்போதுதான் மிஷினால் முழுப் பயன் கிடைக்கும். தூரம் கூடக் கூடப் பேச்சு மெலிந்து கொண்டே போகும். சுற்றிலும் இருக்கும் இரைச்சல் மெலியாது.

பெரிய கூடமாக இருந்தால் எதிரொலி வேறு. முதல் வார்த்தையின் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து, அடுத்த வார்த்தையோடு கலந்து விடும். இந்த நிலையில் ஒலிபெருக்கியைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்துதான் கூடும்.

வயதானவர்களுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உச்சஸ்தாயியில் வரும் மெல்லிய ஒலிகள்தான் அவர்களுக்கு முதலில் கேட்காமல் போகும். "ஆ", "ஓ" என்ற உயிரோசை கேட்கும். "ச", "ட", "த", "ப", "க" போன்றவை நழுவி விடும். "பத்து" என்றாலும், "கத்து" என்றாலும், "சத்து" என்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

"சத்தம் கேட்குதுப்பா. என்ன சொல்றாங்கன்னுதான் புரியலே" என்று தாத்தாக்கள் சொல்வது இதனால்தான். அதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கோபிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

60 வயசுக்கு மேல் நாலில் ஒருவர்

காது மந்தம் என்பது எங்கோ ஒருவருக்கு இருக்கும் குறை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் முழுவதும் சுமார் 43 கோடி பேருக்குக் காது மந்தத்துக்குச் சிகிச்சையோ உதவியோ தேவைப்படுகிறது. 2050-ல் இது 70 கோடியாக உயரும் என்றும் அந்த அறிக்கை எச்சரித்தது.

60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுவது காதில் விழாவிட்டால், காலையில் வந்தவர் மத்தியானம் வரை உட்கார வேண்டியதுதான். கோர்ட்டில் தன் பெயரைக் கூப்பிட்டது கேட்காவிட்டால், வந்தவரே வராதவர் ஆகி விடுவார். பிளாட்பாரம் மாறியதை அறிவித்தது புரியாவிட்டால் ரெயில் போய் விடும்.

கல்யாண வீட்டிலும், பாட்டுக் கச்சேரியிலும், கோவில் பிரசங்கத்திலும் கேட்காமல் போனால் நஷ்டம் எதுவும் வெளியே தெரியாது. அடுத்த தடவை "நான் வரலே, நீங்க போயிட்டு வாங்க" என்று பெரியவர் வீட்டிலேயே உட்கார்ந்து விடுவார். அவ்வளவுதான்.

கம்பி எப்படிப் பேசுகிறது?

தெரு முனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரை எல்லோரும் பார்த்து இருப்பார்கள். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்றோடு ஒன்று தொடாது. ஆனாலும் ஒன்றில் ஓடும் மின்சாரம் மற்றொன்றில் மின்சாரத்தை உண்டாக்கும். மைக்கேல் பாரடே 1831-ல் கண்டுபிடித்த விஷயம் இது. மண்டபக் கம்பியும் அதே முறையில்தான் வேலை செய்கிறது.

மேடை மைக்கில் இருந்து ஒரு தனி ஆம்பிளிபயருக்கு இணைப்பு கொடுக்கிறார்கள். அந்த ஆம்பிளிபயரில் இருந்து புறப்படும் கம்பி, மண்டபத்தைச் சுற்றி வந்து திரும்பவும் ஆம்பிளிபயரிலேயே சேருகிறது. பேச்சு ஏறி இறங்குவதற்கு ஏற்பக் கம்பியில் ஓடும் மின்சாரமும் ஏறி இறங்கும். அதற்கு ஏற்ப, மண்டபத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத காந்த மண்டலமும் ஏறி இறங்கும்.

இதைப் பிடிப்பது எது?

காது மிஷின்கள் பலவற்றில் அரிசி மணி அளவுக்கு ஒரு சின்னஞ்சிறு கம்பிச் சுருள் இருக்கிறது. "டெலிகாயில்" என்று பெயர். சுருக்கமாக "டி". பழைய டெலிபோன் ரிசீவரில் இருந்து கசியும் காந்த அலையைப் பிடித்து, போனில் தெளிவாகக் கேட்பதற்காக வைத்தது அது. அதே சுருள் மண்டபக் கம்பியின் அலையையும் பிடித்துக் கொள்கிறது.

மிஷினை "டி"க்கு மாற்றியதும் அதன் சொந்த மைக் ஓய்ந்து விடும். மின்விசிறியும் இருமலும் ஹாரனும் காணாமல் போய் விடும். மேடை மைக்கில் விழுந்த குரல் மட்டும் காதில் ஒலிக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் முதல் வரிசைக்காரருக்கும் ஒரே தெளிவுதான்.

தனியாகக் கருவி வாங்க வேண்டாம். யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். தன் மிஷினில் உள்ள ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

சர்ச்சிலுக்கும் சந்தேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கம்பி முறைக்கு 1937-ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றவர் ஜோசப் பாலியகாப். ரஷியாவில் இருந்து வந்து லண்டனில் குடியேறிய என்ஜினீயர்.

இவருடைய குடும்பக் கம்பெனிதான் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கும் காது மிஷின் செய்து கொடுத்தது. பிரிட்டிஷ் தலைவரின் காதில் ரஷியாக்காரர் செய்த மிஷின்! சும்மா இருக்குமா உளவுத்துறை? அதில் ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்து விடுவார்களோ என்று "எம்.ஐ.5" உளவுத்துறைக்குச் சந்தேகம் வந்து விட்டது. அந்தக் குடும்பத்தின் மீது ஒரு கண் வைத்து இருந்தார்கள்.

காப்பி அடிப்பவர்களுக்கும் தெரிந்து விட்டது!

பரீட்சை ஹாலில் காப்பி அடிக்கும் கும்பலும் இந்த வித்தையைத்தான் பயன்படுத்துகிறது.

சட்டைக் காலருக்குள் வளையமாக ஒரு கம்பி. அது ஒளித்து வைத்த செல்போனுடன் இணைந்து இருக்கும். காதுத் துவாரத்துக்குள் உளுந்து அளவில் ஒரு கருவி. வெளியே இருப்பவன் பதிலைச் சொல்லச் சொல்ல, கழுத்துக் கம்பி அதைக் காந்த அலையாக்கிக் காதுக்குள் சேர்க்கும். சோதனை போடும் மேற்பார்வையாளர்கள் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது இதனால்தான்.

இதே கழுத்து வளையம் நியாயமான முறையிலும் கடைகளில் விற்கிறது. "டி" வசதி உள்ள மிஷின்காரர்கள் அதைக் கழுத்தில் மாட்டிக் கொண்டு டி.வி.யும் போனும் கேட்கலாம். கள்ளத்தனத்துக்குத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். வீட்டில் இருக்கும் தாத்தாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

ரேடியோ அலை, ரிமோட் வெளிச்சம்

கம்பியைத் தவிர இன்னும் இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று எப்.எம். முறை. மேடைப் பேச்சை அந்த இடத்துக்குள் மட்டும் குட்டி ரேடியோ நிலையம் போல் ஒலிபரப்புவார்கள். வாசலில் கேட்டு வாங்கிய ரிசீவரை இயர்போனில் மாட்டிக் கேட்க வேண்டும். மைதானம் போன்ற திறந்த வெளிக்கு இது ஏற்றது.

மற்றொன்று இன்பிராரெட் முறை. டி.வி. ரிமோட்டில் இருந்து வரும் அதே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் குரலை ஏற்றி அனுப்புவார்கள். வெளிச்சம் சுவரைத் தாண்டாது. எனவே ரகசியம் வெளியே போகாது. நீதிமன்றங்களுக்கும், பக்கத்துப் பக்கத்தில் பல அரங்குகள் உள்ள தியேட்டர்களுக்கும் இது தோது. ஆனால் சூரிய வெளிச்சம் பட்டால் கெட்டு விடும்.

கம்பி முறையில் ரகசியம் குறைவு. சுவருக்கு அந்தப் பக்கம் "டி"யில் வைத்துக் கொண்டு ஒருவர் நின்றால், இந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்கும் கேட்கலாம். அந்தக் கசிவைக் குறைப்பதற்குக் கம்பியைப் பதிக்கும் விதமே தனி.

இன்னும் சில தொல்லைகளும் உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் காந்த அலையின் பலத்தைக் குறைத்து விடும். கட்டடத்து ஒயரிங் சரியில்லாவிட்டால் காதில் "உம்ம்ம்" என்று ரீங்காரம் கேட்கும். மெல்லிசைக் கச்சேரி நடந்தால் மேடையில் இருக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரும் அந்த அலையைப் பிடித்துக் கொள்ளும். ஆகையால் அளந்து பார்த்துப் பதிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். மைக் செட்டுக்காரர் சும்மா ஒரு ஒயரைச் சுற்றி விட்டால் ஆகாது. இதற்கென்று சர்வதேச அளவில் தரநிர்ணயமே இருக்கிறது.

500 சீட்டுக்கு 20 கருவி

அமெரிக்காவில் 1990-ல் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2010-ல் வகுத்த விதிகளில் கணக்கே போட்டுக் கொடுத்து இருக்கிறார்கள்.

மைக் வைத்து நிகழ்ச்சி நடத்தும் அரங்கில் 500 சீட் இருந்தால், காது மந்தமானவர்களுக்குக் கொடுக்க 20 ரிசீவர்கள் வைத்து இருக்க வேண்டும். இதில் நாலில் ஒரு பங்கு, காது மிஷினைக் கழற்றாமலே கேட்கக் கூடியதாக இருக்க வேண்டும். நீதிமன்ற அறைக்கு மட்டும் சலுகையே கிடையாது. மைக் இல்லாத கோர்ட்டிலும் இந்த ஏற்பாடு இருந்தாக வேண்டும்!

நியூயார்க்கில் 2011 முதல் நூற்றுக்கணக்கான பாதாள ரெயில் கவுண்ட்டர்களில் கம்பி வளையம் பொருத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளார்க் பேசுவது ரெயில் சத்தத்தையும் மீறிக் காதில் விழுந்தது. 2017-ல் அந்த நகரசபை இன்னொரு சட்டம் போட்டது. நகர நிதியில் பெரிய செலவில் கட்டும் பொதுக் கூட்ட அரங்குகளில் கம்பி வளையம் வைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு.

பிரிட்டனில் தேவாலயம், தியேட்டர், தபால் ஆபீஸ், பாங்கு கவுண்ட்டர் என்று பல இடங்களில் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். அங்கு அரசாங்க மருத்துவத் திட்டத்தில் காது மிஷின் இலவசம். அந்த மிஷின்களில் பொதுவாக "டி" வசதியும் இருப்பதால், கம்பி போட்டால் உடனே பயன்படுகிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறியது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை கேட்கும் சக்தியை இழந்தவர்களைக் காது மந்தமானவர்கள் என்றும், அதற்கு மேல் இழந்தவர்களைக் காது கேளாதவர்கள் என்றும் அந்தச் சட்டம் கணக்கில் எடுத்துக் கொள்கிறது.

பொதுமக்கள் வந்து போகும் பழைய கட்டடங்களை, விதிகள் வந்த ஐந்து வருஷத்துக்குள் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்று கெடு வைத்தார்கள். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு முடிந்தது 2022 ஜூன்.

சட்டத்தை மீறினால் முதல் தடவை 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அடுத்த தடவை 50 ஆயிரத்தில் இருந்து 5 லட்சம் வரை.

2021-ல் மத்திய அரசு வெளியிட்ட கட்டட வழிகாட்டு நெறிமுறைகளில், காது மந்தமானவர்களுக்குக் கேட்க உதவும் ஏற்பாடுகள் பற்றியும் சொல்லி இருக்கிறார்கள்.

பிறகு என்ன குறை?

வழிகாட்டுவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. பார்வையற்றவர் ஒருவர் 2005-ல் போட்ட வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பர் 8-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. "செய்தால் நல்லது" என்ற பாணியில் இருக்கும் விதி செல்லாது என்று நீதிபதிகள் கூறி விட்டார்கள். செய்தே தீர வேண்டிய தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார்கள்.

சாய்வுப் பாதை போட்டால் கண்ணுக்குத் தெரிகிறது. லிப்ட் வைத்தால் தெரிகிறது. "எங்கள் கட்டடத்தில் எல்லா வசதியும் உண்டு" என்று போட்டோ எடுத்து மாட்டலாம். காது மந்தம் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் போடும் கம்பியும் தெரியாது. அதனால்தான் பட்டியலில் அது கடைசிக்குப் போய் விடுகிறது.

வந்து விட்டது ஆராகாஸ்ட்!

இப்போது புளூடூத் முறையிலும் வழி பிறந்து இருக்கிறது. "ஆராகாஸ்ட்" என்ற பெயரில் 2022 ஜூனில் இதை அறிவித்தார்கள்.

சாதாரண புளூடூத்தில் ஒரு போனை ஒரு கருவியோடு ஜோடி சேர்க்க வேண்டும். இதில் அந்த வேலை இல்லை. ஒரு ஒலிபரப்பை எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். விமான நிலையத்துக்குள் நுழைந்தால், எந்தெந்த வாசலில் என்ன அறிவிப்பு என்று போனில் பட்டியல் வரும். வேண்டியதைத் தொட்டால் காது மிஷினில் கேட்கும். காது நன்றாகக் கேட்பவர்களும் இயர்பட்ஸ் மாட்டிக் கேட்கலாம்.

ஆனால் இதற்கு ஏற்ற புது மிஷின் வேண்டும். கையில் போன் இருக்க வேண்டும். அதைத் தட்டித் தேடத் தெரிய வேண்டும். பழைய மிஷின் வைத்து இருக்கும் பெரியவர்களுக்குக் கம்பிதான் கைகொடுக்கும். எனவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இன்னும் பல வருஷங்கள் ஓடும் என்பதே இந்தத் துறையில் இருப்பவர்களின் கருத்து.

சுவிட்சைப் போட ஆள் இல்லை!

வசதி வந்து விட்ட நாடுகளிலும் ஒரு புகார் ஓயவே இல்லை. கம்பி இருக்கும். ஆம்பிளிபயரை ஆன் செய்து இருக்க மாட்டார்கள். ரிசீவர் இருக்கும். பாட்டரி செத்துப் போய் இருக்கும். "அப்படி ஒன்று இங்கே இருக்கிறதா?" என்று வாசலில் நிற்கும் ஊழியரே திருப்பிக் கேட்பார்.

அறிவிப்புப் பலகையும் இருக்காது. காதுப் படத்தின் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் "டி" என்ற ஆங்கில எழுத்து. இதுதான் உலகம் முழுவதும் தெரிந்த அடையாளம். அதை மாட்டாவிட்டால், உள்ளே கம்பி இருந்தும் யாருக்கும் பயன் இல்லை.

என்ன செய்யலாம்?

காது மிஷின் வாங்கப் போகிறவர்கள், "இதில் டி வசதி இருக்கிறதா? அதைப் போட்டுக் கொடுத்து விட்டீர்களா?" என்று கேட்டு வாங்க வேண்டும். மிஷினில் சுருள் இருந்தும், அதை இயங்க வைக்காமலே கொடுத்து விடுவது உண்டு. காதுக்குள் மறைந்து விடும் மிகச் சிறிய மிஷின்களில் சுருள் வைக்க இடம் இருக்காது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கல்யாண மண்டபம், சபா, சங்கக் கூடம் கட்டுகிறவர்கள் தரை போடும்போதே கம்பியைப் பதித்து விட்டால் செலவு குறைவு. டைல்ஸ் ஒட்டிய பிறகு உடைத்துப் போடுவது இரட்டைச் செலவு.

கடைக்காரர்களுக்கும் பாங்கு, ஆபீஸ் கவுண்ட்டர்களுக்கும் ஒரு மேஜை அளவுக்கே குட்டி வளையம் கிடைக்கிறது. எதிரே நிற்கும் ஒருவருக்கு அது போதும்.

அது கூட வாங்க முடியாதா? காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. கத்த வேண்டாம். முகத்துக்கு நேராகப் பார்த்து, வாயைக் கையால் மறைக்காமல், நிதானமாகப் பேச வேண்டும். டோக்கன் நம்பரைக் கூப்பிடுவதோடு நிற்காமல் பலகையிலும் எழுதிக் காட்ட வேண்டும்.

"எத்தனை தடவைங்க சொல்றது?" என்று கவுண்ட்டரில் எரிந்து விழுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நாலில் ஒருவர் என்ற கணக்கில், நாளைக்குக் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கப் போவது அவர்களாகவும் இருக்கலாம்!